சென்னையில் அனுபவமுள்ள நரம்பியல் மருத்துவரைக் கண்டுபிடிப்பது எப்படி: வெளியூரிலிருந்து வருபவர்களுக்கு

என் தம்பிக்கு 19 வயதில் வலிப்பு தொடங்கியது. சரியான மருத்துவர் முன்னால் அவனைக் கொண்டுபோய் உட்கார வைக்க எங்களுக்குப் பதினொரு மாதம் பிடித்தது. எங்கள் ஊர் திருக்கோவிலூர் பக்கம். அந்தப் பதினொரு மாதத்தில் ஐந்து டாக்டர்களைப் பார்த்தோம், ஒரு எம்ஆர்ஐ எடுத்தோம், மந்திரிக்கவும் போனோம். அம்மா காதுத்தோட்டை அடகு வைத்தார். அதில் பெரும்பகுதி தேவையில்லாத அலைச்சல் என்று இப்போது தெரிகிறது. வேறு ஒரு குடும்பம் அதையே திரும்பச் செய்யக் கூடாது என்பதற்காகத்தான் இதை எழுதுகிறேன்.

நாங்கள் செய்த முதல் தவறு, பார்த்தவர்களிடமெல்லாம் "சென்னையில பெரிய நரம்பு டாக்டர் யாரு?" என்று கேட்டது. ஆளுக்கொரு பெயர் சொன்னார்கள். கேட்டிருக்க வேண்டிய கேள்வி வேறு: "இவனுக்கு இருக்கிற இதே நோயைத் தினமும் பார்க்கிற டாக்டர் யார்?"

1. முதலில், இது காத்திருக்கக் கூடிய நோயா என்று பாருங்கள்

கீழே சொல்லப்போகும் எதுவும் அவசர நிலைக்குப் பொருந்தாது. முகம் ஒரு பக்கம் கோணுகிறது, ஒரு கை திடீரென்று தொய்ந்து விழுகிறது, பேச்சு குழறுகிறது என்றால் அது பக்கவாதமாக இருக்கலாம். அப்போது நல்ல டாக்டரைத் தேடிக்கொண்டிருக்க நேரம் கிடையாது. 108-ஐ அழைத்து, சிடி ஸ்கேனும் பக்கவாத சிகிச்சையும் உள்ள மிக அருகிலுள்ள மருத்துவமனைக்கு உடனே போக வேண்டும். ரத்தக்கட்டியைக் கரைக்கும் ஊசியை, அறிகுறி தொடங்கிய நாலரை மணி நேரத்துக்குள் போட வேண்டும். அதனால் "கடைசியாக எத்தனை மணிக்கு நன்றாக இருந்தார்" என்பதைக் குறித்துக்கொள்ளுங்கள். அங்கே போனதும் அதைத்தான் முதலில் கேட்பார்கள். வீட்டிலேயே ஆஸ்பிரின் கொடுத்துவிடாதீர்கள். ரத்தக்கசிவாக இருந்தால் அது ஆபத்து.

வலிப்பு ஐந்து நிமிடத்துக்கு மேல் நிற்கவில்லை, அல்லது நினைவு திரும்பாமலே அடுத்தது வருகிறது என்றாலும் 108 தான். முதல்முறை வலிப்பு வந்தவரையும் அன்றே ஏதாவது ஒரு மருத்துவமனையில் காட்டிவிட வேண்டும். வலிப்பு வந்தவரை ஒருக்களித்துப் படுக்க வையுங்கள், தலைக்குக் கீழே துணி வையுங்கள். கையில் சாவியோ இரும்போ கொடுக்க வேண்டாம். அதனால் வலிப்பு நிற்காது, கையில் காயம்தான் ஆகும். வாயில் கரண்டி, விரல், தண்ணீர் எதுவும் கூடாது.

கடுமையான தலைவலி மின்னல் போலத் திடீரென வந்தாலும், காய்ச்சலோடு கழுத்து விறைத்து உளறினாலும் அவசரப் பிரிவுக்குத்தான் போக வேண்டும். இப்படி எதுவும் இல்லையென்றால் மேலே படியுங்கள்.

2. "நரம்பு டாக்டர்" என்ற சொல் உங்களைத் தவறான வாசலில் விடும்

நம் பேச்சில் நரம்பு என்ற சொல் பல வேலை செய்கிறது. ஊசி போட கையில் தேடுவதும் நரம்பு, காலில் முடிச்சு முடிச்சாகப் புடைப்பதும் நரம்பு சுருட்டல். அவை ரத்தக்குழாய்கள். நரம்பு சுருட்டலைப் பார்ப்பவர் ரத்தநாள அறுவை சிகிச்சை மருத்துவர். "நரம்புத் தளர்ச்சி" என்று சுவரில் விளம்பரம் செய்பவர்கள் விற்பது வேறு சமாச்சாரம். அந்தப் பக்கமே போக வேண்டாம்.

மூளை, தண்டுவடம், அதிலிருந்து கிளம்பும் நரம்புகள், தசைகள் ஆகியவற்றின் நோய்களை மருந்து கொடுத்துப் பார்ப்பவர் நரம்பியல் மருத்துவர், அதாவது நியூராலஜிஸ்ட். கட்டி, ரத்தக்கசிவு, தலையில் அடி போன்றவற்றுக்கு அறுவை சிகிச்சை செய்பவர் நியூரோசர்ஜன். மனநல மருத்துவர் இருவரிலிருந்தும் வேறு. நாங்கள் முதல் நான்கு மாதம் பார்த்த கிளினிக்கின் போர்டில் "நரம்பு, மூளை, மனநோய்" என்று மூன்றும் எழுதியிருந்தது. தம்பிக்குத் தூக்க மாத்திரை கொடுத்துக்கொண்டே இருந்தார்கள். அவன் வகுப்பில் தூங்கினான், வலிப்பு நிற்கவில்லை.

தலைசுற்றல் மட்டும் என்றால் காது மூக்கு தொண்டை மருத்துவரே முதலில் பார்க்க வேண்டியிருக்கலாம். நாள்பட்ட சர்க்கரை உள்ளவருக்குப் பாதம் எரிகிறது என்றால் சர்க்கரை பார்க்கும் பொது மருத்துவரிடமே தொடங்கலாம். எதற்கும் உங்கள் ஊர்ப் பொது மருத்துவர் ஒருவரை முதலில் பார்த்து, ஒரு பரிந்துரைக் கடிதம் வாங்கிக்கொள்ளுங்கள். அந்த ஒரு தாள் எங்களிடம் இருந்திருந்தால் ஓர் ஆறு மாதமாவது மிஞ்சியிருக்கும்.

3. பட்டத்தைப் படிக்கக் கற்றுக்கொள்ளுங்கள்

இது இரண்டு நிமிட வேலை. எம்.பி.பி.எஸ். முடித்து, எம்.டி. பொது மருத்துவமோ குழந்தை மருத்துவமோ முடித்து, அதற்கு மேல் மூன்று ஆண்டு நரம்பியல் படித்தவர் பெயருக்குப் பின்னால் டி.எம். நியூராலஜி என்று இருக்கும். அதற்குச் சமமான டி.என்.பி. நியூராலஜி என்றும் இருக்கலாம். எம்.சிஎச். என்று இருந்தால் அறுவை சிகிச்சைக்காரர். எம்.டி. மட்டும் போட்டு, பக்கத்தில் "நரம்பு நோய் சிறப்பு மருத்துவர்" என்று இருந்தால், எம்.டி. எதில் என்று கேளுங்கள். கேட்பதில் மரியாதைக் குறைவு ஒன்றும் இல்லை. நம் பிள்ளையின் மூளை அது.

மருந்துச் சீட்டில் டாக்டரின் பதிவு எண் இருக்கும். தமிழ்நாடு மருத்துவக் கவுன்சிலின் இணையதளத்திலும், தேசிய மருத்துவ ஆணையத்தின் பதிவேட்டிலும் பெயரையோ எண்ணையோ போட்டுத் தேடலாம். பதிவே இல்லை என்றால் வெளியே வந்துவிடுங்கள்.

4. அனுபவம் என்றால் எதில் அனுபவம்?

எனக்கு மிகத் தாமதமாகப் புரிந்தது இதுதான். நரம்பியலுக்குள்ளேயே பல கிளைகள் இருக்கின்றன. வலிப்பு, பக்கவாதம், நடுக்கமும் பார்கின்சனும், மறதி நோய், தலைவலி, தசை நரம்பு நோய்கள் என்று ஒவ்வொன்றிலும் கூடுதல் பயிற்சி எடுத்தவர்கள் இருக்கிறார்கள். பக்கவாதத்தில் முப்பது ஆண்டு அனுபவம் உள்ளவர், சிக்கலான வலிப்புக்குப் பொருத்தமானவராக இருக்க வேண்டும் என்பதில்லை. சாதாரணத் தலைவலிக்கும், மாத்திரையில் அடங்கிவிடும் வலிப்புக்கும் எந்த நரம்பியல் மருத்துவரும் போதும். அடங்காதபோதுதான் இந்தத் தேடல்.

வலிப்பைப் பொறுத்தவரை ஒரு கணக்கு உண்டு. பொருத்தமான இரண்டு மருந்துகளைச் சரியான அளவில் ஒழுங்காகச் சாப்பிட்டும் வலிப்பு நிற்கவில்லை என்றால், அதை மருந்துக்கு அடங்காத வலிப்பு என்பார்கள். அப்போது மூன்றாவது, நான்காவது என்று மாத்திரையைக் கூட்டிக்கொண்டே போகாமல், வீடியோ இஇஜி (மூளையின் மின் அலைகளை வீடியோவோடு சேர்த்துப் பதிவு செய்யும் பரிசோதனை) வசதியும் வலிப்பு அறுவை சிகிச்சைக் குழுவும் உள்ள மையத்தில் காட்ட வேண்டும். திருவனந்தபுரத்திலுள்ள ஸ்ரீ சித்திரைத் திருநாள் மருத்துவ நிறுவனம் இதற்குப் பெயர்பெற்ற இடம். வேலூர் சிஎம்சியிலும் பெங்களூர் நிம்ஹான்ஸிலும் இந்த வசதி உண்டு. "அறுவை சிகிச்சை" என்று கேட்டதும் பயந்து ஆண்டுக்கணக்கில் தள்ளிப்போடும் குடும்பங்களை அந்த வரிசைகளில் பார்த்தேன். பரிசோதனைக்குப் போவது வேறு, தலையைத் திறக்கச் சம்மதிப்பது வேறு. முதலாவதைச் செய்யலாம்.

ஒருவருக்கு எதில் அனுபவம் என்பதை எப்படித் தெரிந்துகொள்வது? மருத்துவமனையின் தொலைபேசியில் "வலிப்புக்குத் தனி கிளினிக் நாள் இருக்கிறதா, யார் பார்க்கிறார்?" என்று கேளுங்கள். இஇஜி எடுக்கும் அறையில் உள்ள டெக்னீஷியனிடம் கேளுங்கள். யாரிடமிருந்து அதிக நோயாளிகள் வருகிறார்கள் என்பது அவருக்குத் தெரியும். எல்லாவற்றையும் விட, வரிசையில் உட்கார்ந்திருக்கும் பழைய நோயாளிகள். எங்களுக்கு வழிகாட்டியவர் ஒரு செய்யாறுக்கார அம்மா. மகளோடு ஏழு ஆண்டாக வந்துகொண்டிருந்தார். "இந்த டாக்டர் பேசாம கேப்பாரு, அதுக்காகவே வரலாம்" என்றார். செயலிகளில் இருக்கும் நட்சத்திரக் குறிகளை நான் நம்புவதில்லை. அவை பெரும்பாலும் காத்திருந்த நேரத்தையும் வரவேற்பறையையும் பற்றியவை.

குழந்தைகளுக்கு என்றால் குழந்தைகள் நரம்பியல் தனிப் பிரிவு. எழும்பூர் அரசு குழந்தைகள் மருத்துவமனையில் அது இருக்கிறது.

5. எங்கே போவது

அரசு என்றால் சென்னையில் சென்ட்ரல் ரயில் நிலையத்துக்கு எதிரே இருக்கும் ராஜீவ் காந்தி அரசு பொது மருத்துவமனைதான் முதல் பெயர். ஊரில் எல்லாரும் ஜி.எச். என்பது அதைத்தான். சென்னை மருத்துவக் கல்லூரியின் நரம்பியல் நிறுவனம் அங்கே இருக்கிறது. ஸ்டான்லி, கீழ்ப்பாக்கம், அண்ணா சாலையில் ஓமந்தூரார், கிண்டியில் 2023-இல் திறந்த கலைஞர் நூற்றாண்டு மருத்துவமனை ஆகியவற்றிலும் நரம்பியல் பிரிவு உண்டு. ஜி.எச்.சில் ஒரு நாளில் வரும் நோயாளிகளின் கூட்டத்தைப் பார்த்தால் பயமாக இருக்கும். ஆனால் அந்தக் கூட்டமே அங்குள்ள டாக்டர்களின் அனுபவம். அரிய நோய் என்று நமக்குத் தோன்றுவதை அவர்கள் அடிக்கடி பார்த்திருப்பார்கள்.

சென்னைக்குத்தான் வர வேண்டும் என்பதும் இல்லை. விழுப்புரம், கடலூர் பக்கம் இருப்பவர்களுக்குப் புதுச்சேரி ஜிப்மர் கிட்ட. தெற்கே மதுரை ராஜாஜி மருத்துவமனை இருக்கிறது. வலிப்புக்கு மாதாமாதம் போக வேண்டியிருக்கும். தூரம் அதிகமானால் நாளடைவில் போவதே நின்றுவிடும். எங்களுக்குப் பெரம்பூரில் சித்தி வீடு இருந்ததால் சென்னையைத் தேர்ந்தோம்.

தனியாரில் டாக்டரை நாமே தேர்ந்தெடுக்கலாம், நாள் நேரம் குறித்துக்கொண்டு போகலாம், பேச நேரம் கொஞ்சம் அதிகம் கிடைக்கும். அரசு மருத்துவக் கல்லூரிப் பேராசிரியர்கள் பலர் மாலையில் தனியாகவும் பார்க்கிறார்கள். முதல் ஆலோசனையைத் தனியாரில் முடித்து நோய் என்னவென்று தெரிந்த பிறகு, நீண்டகால மருந்துக்கும் தொடர் பரிசோதனைக்கும் அரசு மருத்துவமனைக்கு மாறிக்கொள்வது பல குடும்பங்களுக்கு நல்ல வழி. அப்படி மாறுவதைத் தனியார் டாக்டரிடம் மறைக்க வேண்டாம். "தொடர்ந்து இங்கே வர வசதி இல்லை, ஒரு சுருக்கம் எழுதிக் கொடுங்கள் சார்" என்று கேட்டோம். மறுக்காமல் எழுதிக் கொடுத்தார்.

சிஎம்சியில் பொதுப் பிரிவு, தனிப் பிரிவு என்று இரண்டு உண்டு. பொதுவில் கட்டணம் குறைவு. முன்பதிவு இல்லாமல் போய் நிற்க வேண்டாம். தேதி கிடைக்க வாரக்கணக்கில் ஆகலாம்.

6. காகிதங்கள்

ஒரு பிளாஸ்டிக் ஃபைல் வாங்குங்கள். பழைய சீட்டு, ரத்தப் பரிசோதனை, இஇஜி தாள், எம்ஆர்ஐ ஃபிலிம், ரிப்போர்ட், டிஸ்சார்ஜ் சுருக்கம் எல்லாவற்றையும் தேதி வாரியாக அடுக்குங்கள், பழையது கீழே, புதியது மேலே. எம்ஆர்ஐக்கு ரிப்போர்ட் மட்டும் போதாது, ஃபிலிமும் முடிந்தால் சிடியும் வேண்டும். நல்ல நரம்பியல் மருத்துவர் ரிப்போர்ட்டை ஓரமாக வைத்துவிட்டுப் படத்தைத்தான் பார்ப்பார்.

அடையாளத்துக்கு நோயாளியின் ஆதார், ரேஷன் அட்டை, முதலமைச்சர் காப்பீட்டு அட்டை. எல்லாவற்றுக்கும் ஜெராக்ஸ் மூன்று மூன்று. காப்பீட்டு அட்டை இல்லாதவர்கள், ஆண்டு வருமானம் 1,20,000 ரூபாய்க்குள் இருந்தால், வருமானச் சான்று, ரேஷன் அட்டை, ஆதாரோடு மாவட்ட ஆட்சியர் அலுவலகத்தில் உள்ள மையத்தில் பதிவு செய்யலாம். குடும்பத்துக்கு ஆண்டுக்கு 5 லட்சம் வரை காப்பீடு. சந்தேகம் இருந்தால் 1800 425 3993 என்ற கட்டணமில்லா எண்ணில் கேட்கலாம். இதை நோய் முற்றிய பிறகு செய்யாமல், இப்போதே செய்து வையுங்கள். வெளிநோயாளியாகத் தனியார் டாக்டருக்குக் கொடுக்கும் ஆலோசனைக் கட்டணம் இதில் வராது.

இப்போது சாப்பிடும் மாத்திரைகளின் அட்டைகளை அப்படியே எடுத்துப் போங்கள். "வெள்ளையா, சின்னதா, காலையில ஒண்ணு" என்று சொன்னால் யாருக்கும் புரியாது. நாட்டு மருந்து சாப்பிட்டிருந்தால் அதையும் சொல்லிவிடுங்கள்.

7. நோயின் கதையை எழுதுங்கள், வீடியோ எடுங்கள்

இந்தப் படிதான் எங்கள் நிலைமையை மாற்றியது. இதைப் பொறுமையாகப் படியுங்கள்.

நரம்பியலில் பாதி நோயைக் கதையிலிருந்துதான் கண்டுபிடிக்கிறார்கள். ஆனால் வலிப்பு டாக்டர் முன்னால் வராது. வந்தவருக்கும் அப்போது நடந்தது நினைவிருக்காது. ஆகவே பார்த்தவர் கூட வர வேண்டும். நாங்கள் நான்கு முறை தம்பியை அப்பாவோடு அனுப்பினோம். அப்பா வேலையில் இருந்ததால் ஒரு தடவைகூட வலிப்பைப் பார்த்ததில்லை. "கை கால் இழுக்குமா?" என்று டாக்டர் கேட்டால், "இழுக்கும்னு சொல்றாங்க" என்பார்.

உண்மையில் அவனுக்குப் பெரும்பாலும் இழுக்காது. பேச்சை நிறுத்திவிட்டு ஒரே இடத்தைப் பார்ப்பான், எதையோ மெல்லுவது போல வாய் அசையும், வலது கை சட்டைப் பொத்தானைத் தடவிக்கொண்டே இருக்கும். ஒரு நிமிடம், ஒன்றரை நிமிடம். பிறகு எதுவும் தெரியாதவன் போல "என்னக்கா?" என்பான். ஊரில் காற்று சேர்ந்திருக்கிறது, பேய் பிடித்திருக்கிறது என்றார்கள். அந்தச் செய்யாறு அம்மாதான் செல்போனில் பிடிக்கச் சொன்னார். மூன்று வாரம் காத்திருந்து 70 விநாடி பிடித்தேன். டாக்டர் அதை இரண்டு தடவை பார்த்தார். பிறகு தம்பியிடம், "வர்றதுக்கு முன்னாடி வயித்துல ஏதாவது தெரியுமா?" என்று கேட்டார். "வயித்துலேர்ந்து ஏதோ மேல ஏறும் சார்" என்றான். அதுவரை வீட்டில் யாரிடமும் அவன் அதைச் சொன்னதில்லை. அடுத்து அம்மாவிடம், "சின்ன வயசுல காய்ச்சல்ல ஜன்னி வந்துச்சாம்மா?" என்று கேட்டார். ஒன்றரை வயதில் வந்து, ஆஸ்பத்திரியில் இரண்டு நாள் வைத்திருந்தார்கள் என்று அம்மா சொன்னார். மூளையின் பொட்டுப் பகுதியிலிருந்து கிளம்பும் வலிப்பு என்று அன்றே எழுதினார். பதினொரு மாதத்துக்குப் பிறகு அந்தப் பத்து நிமிடத்தில்தான் நோய்க்கு ஒரு பெயர் கிடைத்தது.

வீடியோ எடுக்கும்போது முதலில் அவரைப் பத்திரமாகப் படுக்க வையுங்கள், அப்புறம் செல்போன். முகம், இரண்டு கைகள், கால்கள் எல்லாம் தெரிய வேண்டும். பெயர் சொல்லிக் கூப்பிட்டு, பதில் வருகிறதா என்பதும் பதிவாகட்டும். தெளிந்த பிறகும் ஒரு நிமிடம் எடுங்கள். பேச்சு குழறுகிறதா, எந்தக் கை தளர்ந்திருக்கிறது என்பதெல்லாம் அவர்களுக்குத் துப்பு. நடுக்கம், நடைத் தடுமாற்றம், இமை தொங்குவது போன்றவற்றுக்கும் வீடியோ உதவும், ஏனென்றால் டாக்டரைப் பார்க்கும் நேரத்தில் அவை குறைந்திருக்கும்.

ஒரு நோட்டில் தேதி, நேரம், எவ்வளவு நேரம் நீடித்தது, முந்தின இரவு தூங்கினாரா, மாத்திரை விட்டுப்போனதா என்று எழுதுங்கள். குடும்பத்தில் வேறு யாருக்காவது உண்டா, பிறந்தபோது சிக்கல் இருந்ததா, தலையில் அடிபட்டதுண்டா என்று அம்மா, பாட்டியிடம் கேட்டு முதல் பக்கத்தில் எழுதி வையுங்கள்.

8. டாக்டரைப் பார்க்கும் முன் ஸ்கேன் எடுக்க வேண்டாம்

அவசர நிலையில் எடுப்பது வேறு. மற்றபடி, "எப்படியும் கேட்பார்கள், எடுத்துக்கொண்டே போய்விடலாம்" என்று யார் சொன்னாலும் கேட்காதீர்கள். நாங்கள் அப்படி ஒரு தனியார் ஸ்கேன் சென்டரில் 7,500 ரூபாய் கொடுத்து எடுத்தோம். "நார்மல்" என்று வந்தது. நரம்பியல் மருத்துவர் பிறகு வலிப்புக்கென்றே இருக்கும் முறையில், மூளையை மெல்லிய சீவலாக, குறிப்பிட்ட கோணத்தில் எடுக்கும்படி எழுதிக் கொடுத்தார். அதில்தான் பொட்டுப் பகுதியில் சின்னத் தழும்பு தெரிந்தது. எதைத் தேடுகிறோம் என்று எழுதாமல் எடுக்கும் படத்தில் அது தப்பிவிடும்.

எம்ஆர்ஐக்குப் போகும்போது வெள்ளி அரைஞாண், தாயத்து, மெட்டி, கொலுசு எல்லாவற்றையும் வீட்டிலேயே கழற்றி வைத்துவிட்டுப் போங்கள். இதயத்தில் பேஸ்மேக்கர், உடலில் பிளேட், கிளிப் ஏதாவது இருந்தால் முன்கூட்டியே சொல்ல வேண்டும். மருந்து செலுத்தி எடுப்பதென்றால் கிரியேட்டினின் என்ற சிறுநீரக ரத்தப் பரிசோதனை கேட்பார்கள். அதை ஊரிலேயே முடித்துப் போனால் ஒரு நாள் மிச்சம்.

இஇஜிக்கு முந்தின நாள் தலைக்குக் குளித்து, எண்ணெய் வைக்காமல் போக வேண்டும். இரவில் குறைவாகத் தூங்கி வரச் சொன்னால் அப்படியே செய்யுங்கள். மாத்திரையை மட்டும் அவர்கள் சொல்லாமல் நிறுத்தாதீர்கள். இஇஜி நார்மல் என்று வந்தால் வலிப்பு இல்லை என்று பொருளாகாது. அந்த அரைமணி நேரத்தில் ஒன்றும் பதிவாகவில்லை, அவ்வளவுதான். கை கால் நரம்பு ஓட்டப் பரிசோதனைக்கு, கையிலும் காலிலும் எண்ணெய், கிரீம் பூசாமல் போங்கள்.

9. போகும் நாள்

நரம்பியல் வெளிநோயாளிப் பிரிவு எந்தக் கிழமை என்பது மருத்துவமனைக்கு மருத்துவமனை மாறும். தெரியாமல் போனால் ஒரு நாள் வீண். முன்கூட்டியே தொலைபேசியில் கேளுங்கள். 104 சுகாதார உதவி எண்ணிலும் விசாரிக்கலாம். அரசு விடுமுறைக்கு மறுநாள் கூட்டம் இரட்டிப்பாகும், அதைத் தவிருங்கள்.

ரயிலில் எழும்பூர் வந்தால் அங்கிருந்து மின்சார ரயிலில் அடுத்த நிலையம் பார்க். இறங்கினால் ஜி.எச். நடக்கும் தூரம்தான். பேருந்தில் கிளாம்பாக்கம் வந்திறங்குபவர்கள் நகருக்குள் வரவே ஒரு மணி நேரத்துக்கு மேல் கணக்கு வைக்க வேண்டும். அதனால் முந்தின இரவே வந்துவிடுவது நல்லது; சென்ட்ரல் பக்கம் பெரியமேட்டில் லாட்ஜுகள் நிறைய இருக்கின்றன. இரவுப் பயணத்தில் தூக்கம் கெட்டால் வலிப்பு வரும் என்பதையும் மறக்க வேண்டாம். தம்பிக்கு ஒருமுறை வரிசையில் நிற்கும்போதே வந்தது.

காலை ஏழரைக்குள் ஓபி சீட்டு வரிசையில் நின்றுவிடுங்கள். ஒருவர் சீட்டு வாங்கட்டும், ஒருவர் நோயாளியோடு உட்காரட்டும். ஆகவே இரண்டு பேர் துணைக்கு வேண்டும். முதலில் பொது மருத்துவப் பிரிவில் பார்த்துத்தான் நரம்பியலுக்கு எழுதுவார்கள் என்ற முறை பல இடங்களில் உண்டு. மாவட்ட மருத்துவமனையின் பரிந்துரைக் கடிதம் இருந்தால் இந்தப் படி சுலபமாகும். எந்த யூனிட்டில், அதாவது எந்த டாக்டர் குழுவில் பதிவாகிறதோ, அந்த யூனிட்டின் கிழமையில்தான் அடுத்த முறையும் வர வேண்டும். சீட்டின் மேல் அதைப் பெரிதாக எழுதிவையுங்கள்.

எந்தப் பெரிய மருத்துவமனை வாசலிலும் "சீக்கிரம் பார்க்க வைக்கிறேன்", "இங்கே வேண்டாம், நல்ல டாக்டரிடம் கூட்டிப் போகிறேன்" என்று சொல்பவர்கள் இருப்பார்கள். பணம் கொடுக்காதீர்கள், ஃபைலையும் அவர்கள் கையில் கொடுக்காதீர்கள்.

10. டாக்டர் முன்னால்

அரசு மருத்துவமனையில் ஐந்து நிமிடம் கிடைத்தால் அதிகம். முதல் வாக்கியத்தை வீட்டிலேயே தயார் செய்யுங்கள்: வயது, என்ன தொல்லை, எப்போதிலிருந்து, மாதத்துக்கு எத்தனை முறை, என்ன மாத்திரை. உடனே வீடியோவைக் காட்டுங்கள். முன்னால் பார்த்த டாக்டரைக் குறை சொல்லி நேரத்தைக் கழிக்க வேண்டாம். நான் அதைச் செய்தேன். கேட்க வேண்டியதைக் கேட்காமல் வெளியே வந்தேன்.

கேட்க வேண்டியவற்றை ஒரு தாளில் எழுதிப் போங்கள். நோயின் பெயர் என்ன, ஒருவேளை மாத்திரை மறந்தால் என்ன செய்வது, வாந்தி எடுத்துவிட்டால் திரும்பப் போட வேண்டுமா, என்ன பக்கவிளைவு வந்தால் உடனே வர வேண்டும், பைக் ஓட்டலாமா, கிணற்றில் குளிக்கலாமா. உடலில் தடிப்பு வந்தால் காத்திருக்காமல் உடனே காட்ட வேண்டிய மருந்துகள் உண்டு. உங்கள் மருந்து அதில் ஒன்றா என்று கேளுங்கள். பெண்களுக்கு என்றால் கல்யாணம், கர்ப்பம் பற்றிக் கூச்சப்படாமல் கேட்டே ஆக வேண்டும். வால்ப்ரோயேட் என்ற மருந்து கருவிலிருக்கும் குழந்தையைப் பாதிக்கக்கூடியது. அதற்காகப் பயந்து தானாக நிறுத்துவதும் ஆபத்து. டாக்டரிடம் சொல்லி முன்கூட்டியே மாற்ற வேண்டும்.

நல்ல மருத்துவர் என்று எப்படித் தெரியும்? எங்கள் அனுபவத்தில், அவர் மருந்து எழுதும் முன் கேள்வி கேட்டார். கண்ணில் வெளிச்சம் அடித்து, சுத்தியலால் முட்டியில் தட்டி, நடக்கவிட்டுப் பார்த்தார். ஒரே மருந்தில் தொடங்கி, அதை மெல்லக் கூட்டினார். முதல் நாளே நான்கு மாத்திரையும் சத்து டானிக்கும் எழுதி, தொட்டுக்கூடப் பார்க்காமல் அனுப்புகிறார் என்றால் இரண்டாவது கருத்து கேளுங்கள்.

11. செலவு

தனியாரில் ஆலோசனைக்கு எங்களிடம் ஒரு தடவைக்கு 1,000 ரூபாய் வாங்கினார்கள். சில நாட்களுக்குள் திரும்பப் போனால் கட்டணம் இல்லை என்பதைப் பிறகுதான் தெரிந்துகொண்டோம், நீங்கள் முதலிலேயே கேளுங்கள். அரசில் ஆலோசனை இலவசம், வலிப்பு மாத்திரைகளில் முக்கியமானவை இலவசம். இரண்டாவது எம்ஆர்ஐயை அரசு மருத்துவமனையில் 2,500 ரூபாய் கட்டி எடுத்தோம். ஆனால் தேதி கிடைக்கப் பன்னிரண்டு நாள் ஆனது. போக்குவரத்து, சாப்பாடு, அப்பாவின் கூலி போன நாட்கள் ஆகியவற்றைக் கூட்டினால் அதுதான் பெரிய தொகை. ஆகவே ஒரே பயணத்தில் டாக்டரும் பரிசோதனையும் முடியும்படி கேட்டுப் பாருங்கள், "வெளியூர் சார்" என்று சொன்னால் முடிந்தவரை உதவுகிறார்கள்.

12. திரும்பி வந்த பிறகு

அடுத்த தேதியை எழுதி வாங்காமல் அந்தக் கட்டடத்தை விட்டு வெளியே வராதீர்கள். மாத்திரை தீருவதற்கு ஒரு வாரம் முன்பாகவே அந்தத் தேதி இருக்க வேண்டும், ஏனென்றால் வலிப்பு மாத்திரையைத் திடீரென நிறுத்தினால் விடாத வலிப்பு வரலாம். ஊர் மெடிக்கலில் "இது இல்லை, இதே மாதிரி வேறு கம்பெனி" என்று கொடுத்தால், டாக்டரைக் கேட்காமல் மாற்றாதீர்கள். குறைந்தது இரண்டு ஆண்டு ஒரு வலிப்பும் வராமல் இருந்த பிறகுதான் மாத்திரையைக் குறைப்பது பற்றியே பேச்சு எழும். அப்போதும் டாக்டர்தான் சொல்ல வேண்டும், மெதுவாகத்தான் குறைக்க வேண்டும்.

சீட்டை வாங்கியதும் செல்போனில் படம் எடுத்து வீட்டில் இருவருக்கு அனுப்பி வையுங்கள். தம்பியின் ஃபைல் ஒருமுறை பேருந்தில் தவறிப்போனது. அந்தப் படங்கள் இருந்ததால் அடுத்த மாத மாத்திரை நிற்காமல் கிடைத்தது.